காட்டோரக் காணியில் மாடு, ஆடு, கோழி: மலைக்குத் திரும்பப் போகிற தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கொழும்பு வேலையை விட்டுவிட்டு, பொகவந்தலாவைப் பக்கம் அம்மாவழியில் வந்த அரை ஏக்கர் காணியில் குடியேறப் போகிறீர்கள். ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் ஓடையும் காடும். இரண்டு கறவை மாடு, நாலு ஆடு, கொஞ்சம் ஊர்க்கோழி வளர்க்க ஆசை. வீட்டில் மனைவிக்குச் சிறுத்தைப் பயம். அன்றாடம் எப்படிப் போகும், எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், கவலைப்பட வேண்டியவற்றில் சிறுத்தை நாலாவதோ ஐந்தாவதோதான். மாட்டுத் தீவனம், மழை, குரங்கு, பன்றி எல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. அதனால்தான் யார் கேட்டாலும் நான் ஒரே ஒழுங்கைச் சொல்வேன்: முதலில் புல் நடுங்கள், அப்புறம் பட்டி கட்டுங்கள், கடைசியாக மாடு வாங்குங்கள். ஆசையில் மாட்டை முதலில் வாங்கிக்கொண்டு வந்து மாமரத்தில் கட்டியவர்களில் பலர் அடுத்த வருடம் அதே மாட்டைப் பாதி விலைக்கு விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு மலை முழுக்கப் பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி தேயிலை, அது மாட்டுக்கு ஆகாது. மிச்சம் மானாப்புல் என்ற உயரமான காட்டுப்புல். இளசாக இருந்தால் தின்னும், முற்றிவிட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு நாளுக்கு 40 கிலோ பச்சைப்புல்லாவது வேண்டும். இரண்டு மாடு என்றால் தினமும் 80 கிலோ. மழையிலும் அறுக்க வேண்டும், காய்ச்சல் வந்தாலும் அறுக்க வேண்டும். கோ-3 என்ற தீவனப்புல் நட்டால் இரண்டரை, மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அறுக்கலாம். உயரம் கூடிக் குளிர் கூடினால் இன்னும் மெதுவாக வளரும். அரை ஏக்கரில் வீடு, பட்டி, மரக்கறிப் பாத்தி போக மிஞ்சுகிற இடம் இரண்டு மாட்டுக்குப் போதாது. வேலி முழுக்கக் கிளிசரியா மரக்கிளைகளை நட்டுவிடுங்கள். அதன் இலையை வெட்டிய உடனே போட்டால் வாடைக்கு மாடு ஒதுக்கும், ஒருநாள் வாடவிட்டுப் புல்லோடு கலந்து போட்டால் தின்னும். தேயிலை மலையில் புல் அறுக்கப் போனால் அங்கே எப்போது களைமருந்து அடித்தார்கள் என்று வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடமோ கொழுந்தெடுக்கும் அக்காமாரிடமோ கேட்காமல் அரிவாளை வைக்காதீர்கள்.

இதெல்லாம் யோசித்தால் ஒரே மாட்டோடு தொடங்குவதுதான் நல்லது. ஆடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதல் வருடம் வேண்டாம்.

மாடு வந்த பிறகு உங்கள் நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான். விடியற்காலை 5 மணிக்குக் கறவை. பால் சேகரிக்கிறவர் வருகிற நேரத்துக்கு நீங்கள் வாளியோடு ரோட்டில் நிற்க வேண்டும், அவர் உங்களுக்காக நிற்கமாட்டார். சாயங்காலக் கறவை எவ்வளவுக்கு 12 மணி நேர இடைவெளியில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கறக்குமுன் வெந்நீரில் துணியை நனைத்து மடியைத் துடையுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புக் கோப்பையில் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகவோ தண்ணீராகவோ வந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. வெள்ளைக் கோப்பையில் அது தெரியாது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டு ஒரு காம்பையே இழந்த மாடுகள் எங்கள் பக்கம் நிறைய. சேகரிப்பு நிலையத்தில் பாலின் அடர்த்தியை அளக்கிற லக்டோமீட்டர் போடுவார்கள், கொழுப்பும் கொழுப்பல்லாத திண்மமும் பார்த்துத்தான் விலை. வெறும் புல்லும் தண்ணீரும் கொடுத்தால் பால் அளவில் வரும், கொழுப்பில் அடிபடும். தவிடு, புண்ணாக்கு கொடுத்தே ஆக வேண்டும். ஒரு லீற்றர் பாலுக்கு நாலு லீற்றர் தண்ணீராவது மாடு குடிக்க வேண்டும் என்பது கணக்கு. பீலியிலிருந்து, அதாவது மலைத் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து, குழாய் போட்டுப் பட்டிக்குள்ளேயே தொட்டி வைத்துவிட்டால் உங்கள் தோளும் பிழைக்கும், பாலும் கூடும்.

சினைக்கு வருவதைக் கவனிப்பதுதான் புதியவர்கள் கோட்டைவிடுகிற இடம். 21 நாளுக்கு ஒருமுறை வரும். இரவில் காரணமில்லாமல் கத்தும், தீனியைக் குறைக்கும், பின்பக்கம் கண்ணாடிபோலச் சளி நூலாகத் தொங்கும். காலையில் கண்டால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போடச் சொல்வார்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கம், செயற்கைச் சினைப்படுத்தல் செய்கிறவரின் இலக்கம் இரண்டையும் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒருமுறை தவறினால் மூன்று வாரம் வீண். சினை பிடித்தால் ஏறக்குறைய 280 நாள். கன்று பிறந்தால் முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். அயல் வீடுகளுக்குச் சீம்பால் கொடுக்கும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. கன்று குடித்து மிஞ்சியதைக் கொடுங்கள், கொடுப்பதற்காகக் கன்றின் வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

இனி மழை. உங்கள் பக்கம் மேற்குச் சரிவு. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை விடாது. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அந்த மாதங்களில் காற்றும் வெயிலுமாக இருக்கும், அவர்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதான் வலுக்கும். அதனால் அந்த ஊவாப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் பட்டி அளவும் மாதக் கணக்கும் உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் பட்டிக்குத் தகரம் நீளமாக வெளியே இறங்க வேண்டும், மழை வீசுகிற பக்கம் பாதிச் சுவர் வேண்டும், தரை பின்பக்கம் சரிய வேண்டும், மூத்திரம் ஓடிப் புல் பாத்திக்குப் போக வேண்டும். குளம்பு நாள் முழுக்க ஈரத்தில் நின்றால் அழுகும். மேடு பள்ளமான சீமெந்துத் தரையில் படுத்தால் மடி புண்ணாகும், ரப்பர் விரிப்பு விலைதான் என்றாலும் வாங்குங்கள்.

மழையோடு அட்டை வரும். உங்கள் காலில் ஏறுவதற்குச் சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ பூசிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். ஓடைத் தண்ணீர் குடிக்கும் மாட்டுக்கு வேறொரு தொல்லை இருக்கிறது. மூக்குக்குள் போய்த் தங்குகிற அட்டை. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் கசிந்து, மாடு அடிக்கடி தும்மித் தலையை உதறினால் அதைச் சந்தேகியுங்கள். சில மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு வாளியில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேரே பிடித்தால் அட்டை தலையை நீட்டும். துணி சுற்றிய விரலால் பிடித்து இழுக்கலாம். வழுக்கி உள்ளே போய்விட்டால் மூக்கைக் குடையாதீர்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கோழியைப் பற்றி ஆட்கள் பேசுவதெல்லாம் ராணிக்கெட் என்ற கோழிநோய்க்கான தடுப்பூசியைப் பற்றித்தான். அது வேண்டும்தான். ஆனால் மலையில் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் குளிர். முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை, வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு போகலாம். பொகவந்தலாவையில் இரவுக் குளிர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பல்பு மட்டும் போட்டால் மின்சாரம் போகிற இரவில் எல்லாம் போய்விடும். முதல் தொகுதியைக் கடையில் குஞ்சாக வாங்காமல், அடைக்கோழியோடு சேர்த்து வாங்குங்கள். அதைவிட நல்ல வெப்பக்கூடு யாராலும் செய்ய முடியாது.

பகலில் கோழிக்கு எதிரி கீரியும் பருந்தும். இரவில் மரநாயும் காட்டுப்பூனையும். மரநாய் கதவு வழியாக வராது, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் நாலு விரல் இடைவெளியில் இறங்கும். கோழிவலை என்று கடையில் விற்கிற மெல்லிய கம்பி கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைத்திருக்காது. ஒட்டுக்கம்பி வலை வாங்கி, அடியில் ஒரு அடி ஆழம் புதைத்து, மேலேயும் மூடுங்கள். ஓடை பக்கத்தில் இருப்பதால் மீன்பிடிப் பூனையும் வரலாம். உடம்பில் புள்ளியும் கோடுமாக, நாயளவில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் புலிக்குட்டி வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டுவது எங்கள் பக்கம் வழக்கம். காலையில் முற்றத்துக்குக் காட்டுக்கோழிச் சேவல் வரும். மஞ்சள் திட்டு வைத்த சிவந்த கொண்டை, அப்படி ஒரு நிறம். நாட்டின் தேசியப் பறவை. உங்கள் பெட்டைகளின் தீனியில் பங்கு கேட்கும், விட்டுவிடுங்கள்.

குரங்குக்கு மருந்து எதுவும் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டால் பாதி மனக்கஷ்டம் குறையும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, பயிரை நாசமாக்கும் மிருகங்களை நாடு முழுக்க ஒரே நேரத்தில் எண்ணினார்கள், ஞாபகம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் தோட்டத்துக் குரங்குகள் ஒன்றுகூட வரவில்லை, எட்டரைக்கு வந்து போஞ்சியை முடித்துவிட்டுப் போயின. செங்குரங்கு கூட்டமாக வரும், கையால் பிடுங்கும், கடித்துப் பார்த்து எறியும், முட்டையையும் எடுக்கும். பெரிய கருமந்தி அப்படியில்லை, அது இலைதழை தின்னி. விடியலில் மலைக்கு மலை குரைப்பதுபோலச் சத்தம் போடுவது அதுதான். இலங்கையில் மட்டும் வாழ்கிற இனம், அதைக் கல்லால் அடிக்காதீர்கள். செங்குரங்கிடமிருந்து தப்ப, வீட்டுக்குத் தேவையான மரக்கறியை மட்டும் வலைக்கூண்டுக்குள் வையுங்கள். வெளியே மஞ்சள், இஞ்சி, மிளகு என்று அது அதிகம் சீண்டாதவற்றை நடுங்கள். பழமரம் பாதி அதற்குத்தான் என்று கணக்கு வையுங்கள். கோயிலில், ரோட்டில் யாராவது வாழைப்பழம் நீட்டுவதைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்குதான் பிறகு சமையலறை ஜன்னலைத் திறக்கிறது.

பன்றி இரவில் வரும். கிழங்கு இருக்கும் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிடும். முள்ளம்பன்றி தனியாக வந்து அதையே சுத்தமாகச் செய்யும். பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் நிச்சயமாக உங்களிடம் வந்து, “ஒரு கம்பி போட்டா முடிஞ்சுது தம்பி, இறைச்சியும் கிடைக்கும்” என்பார். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் செய்த சுருக்கு அது. போடாதீர்கள், உங்கள் வேலியில் போடவும் விடாதீர்கள். சுருக்குக்குப் பன்றி யார், மற்றது யார் என்று தெரியாது. அதே பாதையில்தான் மரை என்கிற பெரிய மானும் சிறுத்தையும் உங்கள் நாயும் போகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கறுஞ்சிறுத்தை ஒன்று இப்படிக் கம்பியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் சில நாளில் செத்தது. கழுத்தில் இறுகிய கம்பியோடு அது இழுத்த இழுப்பில் உள்ளே எல்லாம் சிதைந்திருந்தது. மஸ்கெலியா, நோர்வூட், அட்டன் பக்கங்களில் புள்ளிச் சிறுத்தைகள் மாட்டுகிற செய்தி வருடம் தவறாமல் வரும். இன்னும் மோசமானது தீனிக்குள் மறைத்து வைக்கிற வாய்வெடி. பன்றிக்கு வைத்ததை மாடு கடித்துத் தாடை சிதறிப் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காட்டோரத்தில் மாட்டை அவிழ்த்து விட்டு மேய்க்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் சிறுத்தை இல்லை, இந்த வெடி.

பன்றிக்கு என்ன செய்வது என்றால், கல் அடுக்கி மேலே முள்ளுக்கம்பி இழுத்த வேலி ஓரளவு நிற்கும். கிழங்குப் பாத்தியை வீட்டை ஒட்டி வையுங்கள், காட்டுப் பக்கம் புல்லை வையுங்கள். வெளிச்சம் இரண்டு வாரத்துக்கு வேலை செய்யும், பிறகு அதற்கும் பழகிவிடும்.

இப்போது சிறுத்தை. இந்த நாட்டில் புலி, சிங்கம் கிடையாது, காட்டில் அதுதான் வேட்டை மிருகங்களில் உச்சியில் இருப்பது. மரை, கேளையாடு என்கிற சின்ன மான், முள்ளம்பன்றி, குரங்கு, முயல் எல்லாம் அதன் சாப்பாடு. தேயிலை மலையை அது ஊராக நினைப்பதில்லை, இரண்டு காட்டுத்துண்டுக்கு நடுவே இருக்கும் மறைவாக நினைக்கிறது. கவ்வாத்து வெட்டாத, அதாவது செடியைக் குட்டையாக வெட்டிவிடாத மலையில் செடிக்கு அடியில் பகலில் படுத்திருக்கும், குட்டிகூடப் போடும். கொழுந்தெடுக்கப் போனவர்கள் கீறல் பட்ட சம்பவங்கள் பெரும்பாலும் இப்படித் தெரியாமல் கிட்டப் போனதால்தான். மற்றது, கம்பியில் மாட்டிய சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூடி, அது அறுத்துக்கொண்டு பாய்ந்ததால். தானாகத் தேடி வந்து மனிதரை அடிப்பது மிக அபூர்வம்.

அது உங்கள் வீட்டுக்கு வந்தால் நாய்க்காகத்தான் வரும், அடுத்தது ஆட்டுக்காக, கன்றுக்காக. இரவில் நாயைச் சங்கிலியில் வாசலில் கட்டுவது காவல் ஆகாது, தூண்டில் முள்ளில் இரை கோத்து வைப்பதுதான் அது. நாயை உள்ளே எடுங்கள். ஆட்டுக்குத் தரையிலிருந்து உயர்த்திய பரண், நாலு பக்கமும் மேலேயும் பலகையோ கம்பியோ, உள்ளே கொக்கி. கன்று பிறந்த முதல் மாதம் தாயோடு மூடிய பட்டிக்குள். கோழிக் குடல், செத்த கோழி, கன்று போட்ட இளங்கொடி எதையும் ஓடைப் பக்கம் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். இதையெல்லாம் இருட்டுவதற்கு முன்னால், ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் முடித்துவிட்டு, ஒரு சுற்று வந்து ஒவ்வொரு கொக்கியையும் கையால் தொட்டுப் பாருங்கள். மனைவியிடம் இந்தச் சுற்றை ஒப்படையுங்கள், பயப்படுகிறவர்தான் ஒழுங்காகப் பார்ப்பார். சிறுத்தையைக் கண்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கம்பியில் மாட்டியதையோ காயப்பட்டதையோ கண்டால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். வருகிறவரைக்கும் ஊர்ப் பையன்களைக் கல்லெறியாமல் தடுப்பதுதான் பெரிய வேலை.

உண்மையில் சிறுத்தையைவிட நான் பயப்படுவது குளவிக்கு. எங்கள் ஆட்கள் குளவி என்று சொல்வது பெரும்பாலும் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு தொங்கவிடும் பெருந்தேனீயை. பருந்து கூட்டைக் கலைத்தால் ஒரு மலையே ஓடும். கொழுந்து மலையில் உயிர்போன சம்பவங்கள் எத்தனையோ. ஆள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடலாம், கட்டிப்போட்ட மாடு என்ன செய்யும்? அதனால் வெளியே கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவுமுடிச்சுப் போடுங்கள், பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். பட்டியைச் சுற்றியுள்ள மரங்களை மாதம் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

புல் அறுக்கும்போது பயப்பட வேண்டியது கோப்பி விரியன் பாம்புக்கு. காய்ந்த இலை நிறத்தில், ஒரு முழத்துக்கும் குறைவாகச் சுருண்டு கிடக்கும். இங்கே ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் இந்தியப் பாம்புக்கடி மருந்து இதற்குப் பலிப்பதில்லை, சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிக்கும். கடித்தால் கட்டுப்போட்டுக்கொண்டு நாட்டு வைத்தியரைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரப்பர் சப்பாத்து போட்டு, அரிவாளுக்கு முன்னால் தடியால் புல்லைத் தட்டினால் பெரும்பாலும் விலகிவிடும்.

இவ்வளவும் சொன்னதைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். வந்த முதல் நாள் பறக்க முடியாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும், பூனையிடமிருந்து காப்பாற்றி ஒரு பெட்டிக்குள் இருட்டில் வைத்தால் சாயங்காலம் எழுந்து போய்விடும். ஏப்ரல் வரைக்கும் விடியலிலும் பொழுதுபடும்போதும் அதன் குரல் கேட்கும். ஓடைக் கல்லில் வாலாட்டிக் குருவி, மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கும் கொக்கு, நாள் முழுக்க ஒரே சுரத்தில் கூவுகிற குக்குறுவான் பறவை. என் அப்பா கொக்கு மாட்டைவிட்டு விலகி நின்றால் புல்லுக்குள் ஏதோ இருக்கிறது என்பார், நானும் அதைப் பார்த்துத்தான் அரிவாளை எடுக்கிறேன்.

கடைசியாக, மாடு வாங்குகிற விஷயம். ஜனவரி, பெப்ரவரியில் பாருங்கள், மழைக்கு முன் மாடு இடத்துக்குப் பழகிவிடும். இரண்டாவது ஈற்று, அதாவது இரண்டாவது கன்று போட்டு ஒரு மாதம் ஆனது கிடைத்தால் நல்லது. அம்பேவெல மாதிரிக் குளிரான உயரத்துக்கு பிரீசியன் என்ற கறவை இனம் பொருந்தும், உங்கள் இடத்துக்கும் அதன் கலப்பினம் போதும், சுத்த இனத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். விற்கிறவர் காலையில் வரச் சொன்னால் முதல்நாள் சாயங்காலமே போய் நில்லுங்கள். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் இரண்டு கறவையையும் கண்முன்னே கறக்க வைத்து அளந்து பாருங்கள். சாயங்காலப் பாலைக் கறக்காமல் விட்டு, மறுநாள் காலையில் நிறைந்த மடியைக் காட்டி விலை பேசுவது பழைய தந்திரம். நீங்களே உட்கார்ந்து ஒருமுறை கறந்தும் பாருங்கள், உதைக்கிற மாடா என்று அப்போது தெரிந்துவிடும்.